கமிஷனுக்கு ஸ்போர்ட்ஸ் கார் விற்றுத் தரும் ஷோரூம்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

சென்னை, கோவை, பெங்களூரு, கொச்சி என்று எந்த ஊரில் கடை வைத்திருந்தாலும் இந்த மடல் உங்களுக்குத்தான். சொந்தப் பணம் போட்டுக் கார் வாங்கி விற்பவர்களை இதில் நான் சேர்க்கவில்லை. 'வண்டியக் கொண்டுவந்து விடுங்க சார், நாங்க வித்துத் தர்றோம்' என்று அடுத்தவர் காரைக் கண்ணாடிக்குப் பின்னால் விளக்குப் போட்டு நிறுத்திக் கமிஷன் வாங்குகிறீர்களே, உங்களிடம்தான் பேசுகிறேன். 'பார்க் அண்ட் செல்' என்பீர்கள், கொஞ்சம் பெரிய கடை என்றால் 'கன்சைன்மென்ட்'. நான் இரண்டு பக்கமும் நின்றவன். ஒரு ஆடி டிடி-யை உங்களில் ஒருவர் மூலம் விற்றேன். ஒரு போர்ஷே கேமனை இன்னொருவர் மூலம் வாங்கினேன்.

உங்கள் தொழிலே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஒரு ஸ்விஃப்ட்டை விற்க நினைப்பவர் ஆப்பில் போட்டோ போட்டால் சாயங்காலத்துக்குள் ஆள் வந்துவிடும். ஒரு போர்ஷே 911-க்கோ ஃபோர்டு மஸ்டாங்குக்கோ வரும் போன்களில் பாதி, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் பையன்களுடையது. விலையும் சட்டென்று பிடிபடாது. ஒரே வருடம், ஒரே மாடல், ஒரே நிறம். ஒன்றில் ஸ்போர்ட் குரோனோ, செராமிக் பிரேக் மாதிரி கூடுதல் காசுக்குப் போட்ட வசதிகள் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. அந்த வித்தியாசம் தெரிந்து அதற்குப் பணம் கொடுக்கத் தயாராக இருப்பவர் உங்கள் போனில்தான் இருக்கிறார். கோடிக்கணக்கில் ஒவ்வொரு காரிலும் பணத்தை முடக்க உங்களாலும் முடியாது. அதனால் ஓனர் காரைக் கொடுத்துவைப்பதும், விற்றதும் நீங்கள் உங்கள் பங்கை எடுத்துக்கொள்வதும் நியாயமான ஏற்பாடுதான்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விற்கக் கொடுப்பவரிடம் 'நாங்க வெறும் மீடியேட்டர் சார்' என்கிறீர்கள். வாங்க வருபவரிடம் 'நம்ம வண்டிதான் சார், கண்ண மூடிட்டு எடுங்க' என்கிறீர்கள். லாபத்துக்கு முதலாளி, பொறுப்புக்குத் தரகர். இதில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். வரித்துறை இந்தக் கேள்வியை உங்களிடம் முன்பே கேட்டுவிட்டது. நீங்களே வாங்கி விற்றால் வாங்கின விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., கமிஷன் என்றால் அந்தக் கமிஷனில் 18 சதவீதம். அங்கே மட்டும் தெளிவாகப் பதில் சொல்கிறீர்கள்.

சரி, காரை விடும் நாளிலிருந்தே தொடங்குவோம். ஓனர் ஆர்.சி.யைக் கொடுக்கிறார், இரண்டு சாவியையும் கொடுக்கிறார். நீங்கள் உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நீட்டி, பெயர் தேதி எதுவும் நிரப்பாமல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொள்கிறீர்கள். பெரும்பாலோர் கேள்வி கேட்காமல் போட்டுவிடுகிறார்கள். 'எல்லாரும் இப்படித்தான் சார் செய்றாங்க' என்ற பதில் தயாராக இருக்கும், அது உண்மையும்கூட. அந்த வெற்றுத் தாளில் என்றைக்கோ ஒரு நாள் யாருடைய பெயரோ எழுதப்படும். அதுவரை சட்டத்தின் கண்ணில் கார் பழைய ஓனருடையது.

அது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கு ஒன்று போதும். 2007-இல் விற்ற கார் கைமாறிக் கைமாறிப் போய் 2009-இல் விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பெயரே இருந்தது. ஓட்டுவதும் வைத்திருப்பதும் வேறு ஆளாக இருந்தாலும், மோட்டார் வாகனச் சட்டப்படி பதிவேட்டில் பெயர் இருப்பவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அங்கே காரை விற்றுப் பணம் வாங்கியவருக்கே அந்த நிலை. உங்கள் கடையில் காரை நிறுத்தியவர் இன்னும் ஒரு பைசா பார்க்கவில்லை.

இந்த ஓட்டையை அடைக்க ஒரு வழி வந்து வருடக்கணக்காகிறது. 2022 டிசம்பர் 22 அன்று ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் 55ஏ முதல் 55எச் வரை புதிதாகச் சேர்த்தது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. பதிவான வண்டிகளை விற்கும் டீலர் அதற்கென்று அங்கீகாரம் வாங்க வேண்டும். ஓனர் வண்டியை ஒப்படைக்கும்போது இருவரும் சேர்ந்து அரசின் போர்ட்டலில் அதைத் தெரிவிக்க வேண்டும். அதன்பிறகு அந்த வண்டிக்கு டீலரே உரிமையாளராகக் கருதப்படுவார், ஆர்.சி. புதுப்பித்தல், என்.ஓ.சி. என்ற தடையில்லாச் சான்று, பெயர் மாற்றம் எல்லாவற்றுக்கும் அவரே விண்ணப்பிக்கலாம். வெற்றுப் படிவத்துக்கு இனி என்ன வேலை, சொல்லுங்கள்?

நான் கேட்டபோது ஒரு கடைக்காரர் சொன்ன சாக்கு: 'அப்படிப் பதிஞ்சா ஓனர் எண்ணிக்கை ஏறிடும் சார், ஃபர்ஸ்ட் ஓனர் வண்டி செகண்ட் ஓனர் ஆயிடும், ரேட் விழுந்துடும்.' ஒப்படைப்பைத் தெரிவிப்பது வேறு, ஆர்.சி.யில் பெயர் மாற்றுவது வேறு. அவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. பதிந்தால் அன்றிலிருந்து விபத்தும் அபராதமும் தன் தலையில் விழும் என்பதுதான் உள்ளே இருக்கும் கணக்கு.

அடுத்து இன்ஷூரன்ஸ். காரை விற்கக் கொடுப்பவர்களில் அநேகமாக யாரும் தங்கள் பாலிசியைப் படித்திருக்க மாட்டார்கள். தனியார் கார் பாலிசியில் 'பயன்பாட்டு வரம்பு' என்று ஒரு பத்தி உண்டு. வாடகைக்கு ஓட்டுவது, பந்தயம், வேகச் சோதனை என்று பாலிசி செல்லாத இடங்களை அடுக்கிக்கொண்டே போய், கடைசியில் 'மோட்டார் வணிகம் தொடர்பான எந்தப் பயன்பாடும்' என்று முடியும். ஓனரின் பாலிசி நடப்பில்தான் இருக்கிறது என்ற தைரியத்தில் நீங்கள் டெஸ்ட் டிரைவ் கொடுக்கிறீர்கள். ஈ.சி.ஆரில் ஒரு வாடிக்கையாளர் அதைக் கொண்டுபோய் மீடியனில் ஏற்றினால், கிளெய்மை நிராகரிக்க அந்த ஒரு வரி கம்பெனிக்குப் போதும். கடையில் இருக்கும் அடுத்தவர் வண்டிகளுக்கு நீங்கள் தனியாகப் பாலிசி எடுத்திருக்கிறீர்களா? எடுத்திருந்தால் அதன் நகலை ஓனருக்குக் கொடுங்கள். பேச்சில் சொன்னால் போதாது.

என் டிடி கதைக்கு வருகிறேன். கடையில் விட்டபோது மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். விற்ற அன்று பார்த்தால் சில நூறு கிலோமீட்டர் கூடியிருந்தது. அந்தக் காரைப் பார்க்க வந்தவர்களோ மிகச் சிலர். அப்புறம்தான் ஒரு நண்பர் ஒரு ரீல்ஸ் அனுப்பினார்: இரவில் காலி ரோட்டில் என் கார் சீறிப் போகிறது, பின்னணியில் பாட்டு வேறு. கடைக்காரரிடம் கேட்டால் 'மார்க்கெட்டிங் சார், உங்களுக்குத்தான் நல்லது' என்றார். அதே 2022 விதிகளில் மின்னணுப் பயணப் பதிவேடு கட்டாயம்: எதற்காக எடுத்தார்கள், யார் ஓட்டினார்கள், எந்த நேரம், எத்தனை கிலோமீட்டர், எல்லாம் பதிய வேண்டும். அதை ஓனருக்கு வாரம் ஒரு முறை வாட்ஸ்அப்பில் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

விலை விஷயத்தில் உங்களுக்குப் பிடித்தது 'நெட் ரேட்'. ஓனர் கைக்கு 60 லட்சம், அதற்கு மேல் எவ்வளவுக்கு விற்றாலும் உங்களுக்கு. முன்கூட்டியே எழுத்தில் சொல்லிச் செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் 'ரெண்டு பர்சன்ட் கமிஷன்தான் சார்' என்று சொல்லிவிட்டு, ஓனரையும் வாங்குபவரையும் ஒருவரை ஒருவர் பார்க்கவே விடாமல் இரண்டு பேருக்கும் இரண்டு விலை சொல்வது வேறு. நீங்கள் தரகர் என்றால் 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். அதன் 213-ஆம் பிரிவுப்படி ஓனர் கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும். 218-ஆம் பிரிவுப்படி அவருக்காக வாங்கிய பணத்தை, உங்களுக்குச் சேர வேண்டியதைக் கழித்துக்கொண்டு, அவரிடம் கொடுத்தாக வேண்டும். ஓனருக்குத் தெரியாமல் மச்சான் பெயரில் நீங்களே வாங்கி விற்றால், அந்த லாபத்தை அவர் கேட்க 216-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. தரகர் வேஷம் நீங்கள் நினைப்பதுபோல் அவ்வளவு லேசானது அல்ல.

இனி வாங்குபவர் பக்கம். 'நம்ம வண்டி' என்கிறீர்கள், சரி. அப்படியானால் வெளி ஆளைக் கூட்டிவந்து பார்க்கிறேன் என்றதும் ஏன் முகம் மாறுகிறது? போர்ஷேயையே எடுத்துக்கொள்வோம். 911-இன் 997 தலைமுறை முதல், என்ஜின் அளவுக்கு மீறிச் சுழன்றதைச் சுழல்வேகத்துக்கு ஏற்ப ஆறு படிகளாக அதன் கன்ட்ரோல் யூனிட் (என்ஜினை இயக்கும் கணினி) பதிந்து வைக்கிறது, ஒவ்வொரு படியிலும் கடைசியாக எத்தனையாவது மணி நேரத்தில் நடந்தது என்பதோடு. கீழ்ப் படிகளில் எண்கள் இருப்பது சகஜம். மேனுவல் காரில் மேல் படிகளில், அதுவும் சமீபத்திய மணிக் கணக்கில் எண்கள் இருந்தால், யாரோ ஐந்தாவது கியருக்குப் பதில் மூன்றாவதைப் போட்டிருக்கிறார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கிலோ கோவை கரி டிராக்கிலோ ஓடிய கார் என்றால் இதை முதலில் பார்ப்பேன்.

ஸ்கேனரில் எடுக்கும் இந்த 'ஓவர்ரெவ்' ரிப்போர்ட்டிலேயே என்ஜின் ஓடிய மொத்த மணி நேரமும் இருக்கும். மீட்டர் 18,000 கிலோமீட்டர் காட்டுகிறது, என்ஜின் 1,500 மணி நேரம் ஓடியிருக்கிறது என்று வையுங்கள். சராசரி வேகம் மணிக்கு 12 கிலோமீட்டர். தினமும் மவுண்ட் ரோட்டில் நெரிசல் நேரத்தில் மட்டுமே ஓட்டினார்கள் என்றால் நம்பலாம். இல்லையென்றால் மீட்டரில் கை வைத்திருக்கிறார்கள். ஸ்கேனரைச் செருகினால் சில நிமிடத்தில் தெரிகிற இதை, நீங்களே எடுத்து டேஷ்போர்டில் ஒட்டி வைக்கலாமே. பெயின்ட் தடிமனை மைக்ரானில் அளக்கும் கருவி, ஸ்பார்க் பிளக் துளை வழியாகச் சிலிண்டர் சுவரைப் பார்க்கும் போர்ஸ்கோப், டயர் ஓரத்தில் வாரமும் வருடமும் சொல்லும் நான்கு இலக்கம், இவையும் அப்படித்தான். சென்னைக் கார் என்றால் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்காமல் நான் பேச்சே ஆரம்பிப்பதில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின் சேறு, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த சேறு, எல்லாம் அந்தச் சுருளுக்குள் இருந்துகொண்டுதான் இருக்கிறது. தரையோடு தரையாக இருக்கும் கார்களுக்கு முழங்கால் தண்ணீரே அதிகம்.

வெளிமாநிலக் கார்களைப் பற்றிச் சுருக்கமாக. விலையைப் பெரிய எழுத்தில் போடும் நீங்கள், தமிழ்நாட்டுப் பதிவுக்கு மாற்றும்போது இங்கே ஆயுள்கால வரி கட்ட வேண்டும், இந்த மாதிரிக் காருக்கு அது லட்சங்களில் வரும் என்பதைச் சின்ன எழுத்திலாவது போடுங்கள். இறக்குமதிக் கார் என்றால் முதல் விற்பனை இன்வாய்ஸ், அது இல்லையென்றால் சுங்கத்துறையின் பில் ஆஃப் என்ட்ரி (இறக்குமதிக்கான சுங்கத் தாள்), இதைக் காட்டுங்கள். 2025 செப்டம்பரில் பூடான் வழியாக முறைகேடாக வந்த கார்களைத் தேடி 'நும்கோர்' என்ற பெயரில் கேரளத்தில் சுங்கத்துறை இறங்கியபோது, பல கார்கள் நின்ற இடம் அவற்றை வாங்கி வைத்திருந்தவர்களின் வீட்டு வாசல். அப்படி எடுத்துக்கொண்டு போகும்போது, விற்றுக் கொடுத்த கமிஷனை யாரும் திருப்பித் தருவதில்லை.

பணம் கைமாறுவது பற்றி நான் கேட்பது இது: வாங்குபவரின் பணம் உங்கள் கடையின் நடப்புக் கணக்கில் போய்க் கலக்கக் கூடாது. ஓனருக்கு நேராகப் போகட்டும், லோன் பாக்கி இருந்தால் அந்தத் தொகை பேங்குக்கு நேராகப் போகட்டும், உங்கள் கமிஷன் தனியாக உங்களுக்கு வரட்டும். இந்தக் காருக்கு வந்த பணத்தில் போன மாதம் விற்ற காரின் ஓனருக்குக் கொடுப்பது என்று ஒரு கடை ஆரம்பித்துவிட்டால், அது மூடும் நாளில் கடைசியாக நிற்பவர் காரும் இல்லாமல் பணமும் இல்லாமல் நிற்பார். ரொக்கப் பேச்சே வேண்டாம். 2 லட்சத்தையோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டத்தில் இடமில்லை, ரொக்கத்தைக் கையில் பெறுபவருக்கே அபராதம்.

இந்த வருடம் என் கேமனை விற்கலாம் என்றிருக்கிறேன். சர்வீஸ் ரிப்போர்ட், ஓவர்ரெவ் ரிப்போர்ட் எல்லாம் தயாராக எடுத்து வைத்திருக்கிறேன். கார் உங்கள் கடைக்கு வர வேண்டுமென்றால் வண்டியை இறக்கும் அன்றே அங்கீகாரச் சான்றின் நகல், போர்ட்டலில் ஒப்படைப்பைப் பதிந்ததற்கான ஒப்புகை, உங்கள் பாலிசியின் நகல், கமிஷன் எவ்வளவு என்று எழுதிய ஒரு தாள், இந்த நான்கும் என் கையில் இருக்க வேண்டும். வாங்க வருபவர் யாரை வேண்டுமானாலும் கூட்டிவந்து, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கட்டும். 29-ஐயும் 30-ஐயும் வாங்குபவரின் பெயர் எழுதிய பிறகு கொண்டுவாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்