தட்ட ஆள் தேவையில்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பில், தீவிர சிகிச்சைப் பிரிவு பற்றிய கட்டுரையில் ஒரு வரி: 'நெஞ்சுச் சளியை எடுக்க நவீன இயந்திரம் வந்துவிட்டதால் இனி முதுகில் தட்ட ஆள் தேவையில்லை.' நான் இயன்முறை சிகிச்சையாளர், அதாவது பிசியோதெரபிஸ்ட். டியூட்டி முடிந்து டீயோடு அதைப் படிக்க உட்கார்ந்தேன். டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

நவீனமாம்! காற்றை உள்ளே தள்ளி, சட்டென்று இழுத்து, நோயாளிக்குப் பதிலாக இருமிக் கொடுக்கும் கருவி 1950களிலேயே போலியோ நோயாளிகளுக்காக வந்துவிட்டது. தாங்கள் அறியாததா? கட்டுரையாளருக்குத்தான் யாரும் சொல்லவில்லை போலும்.

முன்பு நான் வேலை பார்த்த மருத்துவமனையில் சளியை அதிர்வால் இளக்க நெஞ்சில் கட்டும் உடுப்பு ஒன்று வாங்கினார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்ததோடு சரி. ஒருநாள், பைக்கிலிருந்து விழுந்து விலா எலும்பு உடைந்தவருக்கு அதைக் கட்டச் சொன்னார்கள். கூடாது என்றேன். "நீங்க மசாஜை மட்டும் பாருங்கம்மா" என்றார் ஒரு பெரிய டாக்டர். நான் படித்தது நாலரை வருடம், ஐயா.

தொண்டையில் குழாய் இருப்பவரால் குரல்வளையை மூடி இரும முடியாது. நெஞ்சில் கை வைத்தால் சளி கரகரவென்று விரலுக்குத் தெரியும். ஓர் இரவு, அப்படி ஒருவருக்குச் சளியை உறிஞ்ச உறிஞ்ச, உறிஞ்சுகுழாயில் எதுவும் ஏறவில்லை. பார்த்தால், காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. சளி கோந்தாகிக் கிடந்தது. இதை எந்த உடுப்பு கண்டுபிடிக்கும்?

அமெரிக்க சுவாசப் பராமரிப்புச் சங்கம் 2010-இலேயே எழுதிவிட்டது: தேவைப்பட்டால் மட்டும் உறிஞ்சுங்கள், ஒரு தடவைக்கு 15 விநாடி போதும், வழக்கமாகத் தொண்டைக் குழாயில் உப்புநீர் விடாதீர்கள் என்று. கண்ணை மூடிக்கொண்டு எல்லாருக்கும் இயந்திரம் மாட்ட எந்த வல்லுநரும் சொல்லவில்லை. எல்லாரையும் தட்டவும் சொல்லவில்லை. அதை மறைக்க மாட்டேன். யாருக்கு எது, எப்போது வேண்டாம் என்று பார்க்கத்தான் ஆள்.

அப்புறம், செப்டம்பர் 8 உலக இயன்முறை சிகிச்சை தினம். போன வருடம் அன்றைக்குத் தாங்கள் போட்டது கால் அமுக்கிவிடும் படம். அதற்கும் கடிதம் எழுதினேன், வரவில்லை. 2021-இல் எங்கள் தொழிலையும் சேர்த்து முறைப்படுத்த நாடாளுமன்றம் சட்டமே போட்டது. அதுவும் தங்கள் பக்கங்களில் என் கண்ணில் படவில்லை. என் கண்ணாடியில்தான் கோளாறோ என்னவோ.

போகட்டும். 'ஆள் தேவையில்லை' என்ற இரண்டு சொற்களுக்கு ஒரு திருத்தம் மட்டும் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை சிகிச்சையாளர்,
மதுரை.