கோடையில் கூலிக்குப் போகிறவர் ஆராய்ச்சிக்கு எப்படி வருவார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு கலைக் கல்லூரி மாணவர்கள் கோடை விடுமுறையை வீணாக்குகிறார்கள், அவர்களிடம் ஆராய்ச்சி நாட்டமே இல்லை என்று தங்கள் சென்ற இதழின் உயர்கல்விக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. காவிரிப் படுகையில் ஓர் அரசுக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கும் எனக்கு, அதைப் படித்தபோது வருத்தத்தைக் காட்டிலும் கோபமே மேலிட்டது. விவரம் அறிந்த தங்கள் ஆசிரியர் குழுவின் பார்வையைக் கடந்து அந்த வரி அச்சேறியது என்பதை இன்னமும் என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் மாணவர்கள் கோடையில் எங்கே இருப்பார்கள் என்பது தாங்கள் அறியாததல்ல. திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும், ஜவுளிக் கடைகளிலும், கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறும் வேலையிலும் இருப்பார்கள். அந்த இரண்டு மாதக் கூலியில் குடும்பக் கடன் ஒன்று அடையும், அடுத்த ஆண்டுக்கான தேர்வுக் கட்டணமும் பேருந்துச் செலவும் தேறும். இதற்குப் பெயர் வீணாக்குதல் என்றால் எனக்குச் சொல்வதற்கு ஒன்றுமில்லை.

நாட்டம் இல்லை என்பதற்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயில் குளத்து நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனை அளக்க இரண்டாமாண்டு மாணவி ஒருத்தியைப் பழக்கினேன். விடியலில் ஒரு மாதிரியும் பிற்பகலில் ஒரு மாதிரியும் எடுக்க வேண்டும். குமிழி புகாமல் புட்டியை நிரப்பி, மாங்கனஸ் சல்பேட்டையும் கார அயோடைடையும் குளக்கரையிலேயே சேர்த்து, பழுப்பு வீழ்படிவு அடியில் தங்கும்வரை காத்திருந்து, பிறகு ஆய்வகத்தில் அமிலம் விட்டுக் கரைத்து, தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவைக் கணக்கிட வேண்டும். தொடக்கத்தில் அவள் தனக்குப் பிடிக்காத எண்களை ரப்பரால் அழித்துவிட்டுப் புத்தகத்தில் உள்ளதற்குப் பக்கமாக எழுதிவைத்தாள். அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் புதிய அளவை எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். சில வாரங்களில், விடியற்கால அளவு ஏன் எப்போதும் குறைகிறது என்று நான் கேட்பதற்கு முன்பே, "ராத்திரியில பாசியும் மூச்சு விடும்ல சார், வெளிச்சம் இல்லாம திருப்பித் தர முடியாதுல்ல" என்றாள். பாடநூலில் மனப்பாடம் செய்த ஒளிச்சேர்க்கை அவளுக்குக் குளத்தில் விளங்கியது. மே மாதம் பிறந்ததும் அவள் வரவில்லை. அக்காவோடு திருப்பூர் போய்விட்டாள். பேருந்துக் கட்டணத்தையும் வேதிப்பொருள் செலவையும் நான் தந்துவந்தேன், ஆனால் அவள் வீட்டுக்குக் கிடைக்க வேண்டிய கூலியை என்னால் தர இயலாது. போகாதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை.

1928-ஆம் ஆண்டுக் கோடையில், சென்னை மாநிலக் கல்லூரியில் இளநிலை படித்துக்கொண்டிருந்த பதினேழு வயது சந்திரசேகர், பின்னாளில் புகழ்பெற்ற வானியற்பியலாளர், கல்கத்தாவுக்குச் சென்று சி. வி. ராமனின் ஆய்வகத்தில் விடுமுறையைக் கழித்தார். ராமன் விளைவு கண்டறியப்பட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. மறு ஆண்டே சந்திரசேகரின் ஆய்வுக் கட்டுரை லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1983-இல் நோபல் பரிசும் கிடைத்தது. அவருடைய மேதைமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆய்வகம் அவருடைய சித்தப்பாவுடையது. சித்தப்பா இல்லாத பிள்ளைக்கு அந்த இடத்தில் அரசின் நிதி நிற்க வேண்டும் என்பதே என் வாதம்.

திட்டங்கள் இருக்கின்றனவே என்று சொல்வார்கள். அறிவியல் பட்டப்படிப்பு மாணவர்களுக்கான மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையில் ஆண்டுக்கு 80,000 ரூபாய், அதில் 20,000 ரூபாய் கோடைக்கால ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்டது. ஆனால் பிளஸ் டூ தேர்வில் முதல் ஒரு விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கே அது பெரும்பாலும் எட்டும். மாணவர்களை அறிவியல் ஆராய்ச்சிக்கு ஈர்க்க 1999-இல் தொடங்கிய கிஷோர் வைக்யானிக் திட்டம் 2022-இல் அதனோடு இணைக்கப்பட்டுவிட்டது. மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை நல்ல திட்டம்தான். எனினும் மதிப்பெண்ணோடு, எதில் ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று எழுதித் தரவும் கேட்கிறார்கள். அதுவரை ஓர் ஆய்வகத்தையே பாராத பிள்ளை அதில் என்ன எழுதும்? மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் செயல்திட்ட நிதியோ இறுதியாண்டினருக்கு. ஏற்கெனவே தேறியவர்களைத் தேர்ந்தெடுக்கப் பலரும் இருக்கிறார்கள். ஒன்றும் தெரியாமல் வரும் முதலாண்டு, இரண்டாமாண்டுப் பிள்ளையைப் பழக்குவதற்குப் பணம் தர ஒருவரும் இல்லை.

இதற்கிடையில் இன்டர்ன்ஷிப்பைப் பாடத்திட்டத்தில் சேர்த்து அதற்கு மதிப்பீட்டுப் புள்ளியும் (கிரெடிட்) கொடுத்துவிட்டார்கள். பணம் ஒதுக்கவில்லை. அதன் விளைவாக, மாணவரிடமே கட்டணம் வாங்கிக்கொண்டு சான்றிதழ் அச்சிட்டுத் தரும் தனியார் மையங்கள் பெருகிவிட்டன. உதவித்தொகை பெற வேண்டிய பிள்ளைகள் எங்கள் கண்ணெதிரே அங்கே பணம் கட்டுகிறார்கள்.

வழிகாட்டும் ஆசிரியரின் நிலையையும் சொல்லிவிடுகிறேன். முதலாண்டு மாணவர்களைப் பழக்கச் சிறு தொகை கேட்டு நிதி வழங்கும் அமைப்பு ஒன்றுக்கு விண்ணப்பித்தேன். கடந்த ஐந்தாண்டுகளில் பன்னாட்டு இதழ்களில் எத்தனை கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறீர்கள் என்ற கேள்வியோடு அது திரும்பி வந்தது. வாரம் பதினாறு மணி நேர வகுப்பு, விடைத்தாள், கல்லூரியின் தர மதிப்பீட்டுக்கான நாக் (NAAC) ஆவணங்கள் எல்லாம் போக மிஞ்சும் நேரத்தில் பிள்ளைகளை நுண்ணோக்கி முன் உட்கார வைக்கிறவனிடம் அந்தக் கேள்வியைக் கேட்பது முறைதானா? எங்கள் துறையில் என்னைவிடச் சிறப்பாக ஆய்வகம் நடத்தும் கௌரவ விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். நிரந்தரப் பணியில் இல்லை என்பதால் அவர்களால் அந்த விண்ணப்பத்தில் கையெழுத்துக்கூட இட முடியாது.

புதுமைப்பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் எங்கள் வகுப்பறைகளை நிறைத்திருக்கிறது. அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். அதே கருணை கோடைக்கும் நீள வேண்டும் என்றுதான் கேட்கிறேன். ஒரு துறைக்கு நான்கைந்து மாணவர்கள், இரண்டு மாதம், கூலிக்கு ஈடான உதவித்தொகை, வேதிப்பொருளுக்குச் சிறு தொகை. தேர்வுக்கு மதிப்பெண் வரம்பு வேண்டாம். ஆசிரியரின் பரிந்துரையே போதும்.

தங்களிடம் நான் வேண்டுவது இரண்டு. அறிவியல் கழகங்களின் கோடை உதவித்தொகைக்கு ஆண்டின் கடைசி மாதங்களிலேயே விண்ணப்பம் கேட்டு முடித்துவிடுகிறார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்போது தேதி கடந்திருக்கும். அந்த அறிவிப்பையும் அது போன்றவற்றையும் ஆண்டுதோறும் அக்டோபரில் தமிழில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். அடுத்து, மாநில மன்றம் தன் நிதியை முதலிரண்டு ஆண்டு மாணவர்களுக்கும் நீட்டிக்குமா என்று தங்கள் நிருபர் ஒருவரைக் கேட்டுவரச் செய்யுங்கள். அந்த வரியை எழுதியவர் விரும்பினால், வரும் மே மாதத்தில் எங்கள் கல்லூரிக்கு வரட்டும். எந்த மாணவர் எந்த ஊரில் வேலைக்குப் போயிருக்கிறார் என்ற பட்டியலை நானே தருகிறேன்.

தங்கள் நெடுநாள் வாசகன்,
விலங்கியல் ஆசிரியர்,
திருவாரூர் மாவட்டம்.