ஒரு கரையை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுண்டிக்குளத்துப் பறவைகளைப் பற்றி உங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். பூநாரைப் படம் நல்ல அழகு. ஆனால் வன்னியில் பறவை பார்க்க வேண்டுமென்றால் வாகனம் பிடித்துச் சுண்டிக்குளத்துக்கோ, மன்னார்ப் பக்கம் வங்காலைக்கோ போனால்தான் உண்டு என்கிற மாதிரி அது முடிந்திருந்தது. எனக்கு அதில்தான் சண்டை. கிளிநொச்சி நகரத்துக்குள், கடைகளின் பின்புறத்தால் ஓடும் வாய்க்கால் கரையில் ஆறு வருடமாக மாலையில் நடக்கிறேன். சீனி வருத்தம் வந்தபோது டொக்டர் நடக்கச் சொன்னார். பறவை பார்க்கச் சொல்லவில்லை, அது தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

யோசித்துப் பார்த்தால் இரண்டு இடத்துக்கும் தண்ணீர் ஒன்றுதான். சுண்டிக்குளத்துக் கடல்நீரேரிக்குப் போய்ச் சேரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியதுதானே இரணைமடு. அந்தக் குளத்துத் தண்ணீர்தான் எங்கள் வயல்களுக்கும் வாய்க்கால்களுக்கும் வருகிறது. பறவைக்கு இது வேறு ஊர் இல்லை. சுண்டிக்குளம் 1938இல் சரணாலயமாகி, 2015இல் தேசியப் பூங்காவும் ஆகிவிட்டது. எங்கள் வாய்க்காலுக்கு ஒரு பெயர்ப்பலகைகூட இல்லை. பொலித்தீன் பையும் கோழிக்கடைக் கழிவும் தாராளமாக இருக்கின்றன. அதையும் மீறித்தான் அவை வருகின்றன.

ஐந்து மணிக்கு இறங்கினால் முதலில் கொக்கு. எங்கள் ஆட்களுக்கு வெள்ளையாக நிற்பதெல்லாம் கொக்குத்தான். முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்த நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது காலைப் பார்க்கிறேன். கால் கறுப்பு, பாதம் மட்டும் மஞ்சள் கரைத்த தண்ணீரில் தோய்த்த மாதிரி இருந்தால் அது சின்னக் கொக்கு. அது சும்மா நிற்காது. ஒரு பாதத்தைச் சேற்றுக்குள் விட்டு, குளிரில் நடுங்குவதுபோல் ஆட்டும். அடியில் பதுங்கிய மீன்குஞ்சு கலைந்து வெளியே வரும். உடனே ஒரு கொத்து. மாட்டோடு மாடாகத் திரிவது உண்ணிக்கொக்கு, அதற்குச் சொண்டு மஞ்சள். குருட்டுக்கொக்கு மண்நிறத்தில் கரையோடு கரையாகக் குந்தியிருக்கும். மிதிபடப் போகிறது என்ற தூரத்துக்கு நாம் வரும்வரை அசையாது, பிறகு திடீரென்று வெள்ளைச் செட்டையை விரித்துக்கொண்டு எழும்பும். இவ்வளவு வெள்ளையையும் இது எங்கே மடித்து வைத்திருந்தது என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

மாரி தொடங்கும் காலத்தில் நீலவால் பஞ்சுருட்டான்கள் வந்து மின்கம்பியில் வரிசையாக இருக்கும். சித்திரைக்குள் போய்விடும். ஒன்று பறந்துபோய்த் தும்பியைப் பிடித்துக்கொண்டு அதே இடத்துக்குத் திரும்பும். உடனே விழுங்காது. கம்பியில் இந்தப் பக்கம் ஒரு அடி, அந்தப் பக்கம் ஒரு அடி. கழன்ற தும்பிச் செட்டை காற்றில் சுழன்று என் காலடியில் விழும். ஒருநாள் அதைப் பொறுக்கிக் கொண்டுபோய்ப் பேத்திக்குக் காட்டினேன். மறுநாள் அவளும் கூட வந்தாள், கையில் போன். கோர்னெல் பல்கலைக்கழகத்தார் செய்த மெர்லின் என்ற செயலி அதில் இருக்கிறது. பறவை கத்தினால் இன்னதென்று பெயர் சொல்லும். வாய்க்காலுக்கு அப்பால் ஆட்காட்டி கத்தியது. நான் சொல்லிவிட்டேன், போன் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. "அம்மம்மா, நீங்கள் போனை விடக் கெதி" என்றாள். சின்ன வயதில் வயல் வரம்பில் நடந்தவர்களுக்கு ஆட்காட்டியின் சத்தத்துக்குச் செயலி எதற்கு?

மகன் அனுப்பிய தொலைநோக்கியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முதல்நாள் போனபோது ஒரு தம்பி மோட்டார் சைக்கிளை நிற்பாட்டி, "ரீச்சர், உதுக்குள்ள என்ன பாக்கிறியள்?" என்று கேட்டார். கானாங்கோழி என்றேன். அவர் நம்பவில்லை. இந்த ஊரில் தொலைநோக்கியோடு நிற்கிற ஆளை நம்பாததற்கு அவருக்குக் காரணம் இருக்கிறது. 2010இல் நாங்கள் திரும்பி வந்தபோது இதே கரையில் மண்டையோடு வரைந்த மிதிவெடிப் பலகைகள் நின்றன. அந்தப் பற்றைக்குள் மனிதர் போகமுடியாது. கானாங்கோழிக்கு அது தெரியாது, அது பாட்டுக்கு வாலை ஆட்டிக்கொண்டு உள்ளே போய் வந்தது.

அந்தக் கானாங்கோழியால்தான் இந்தக் கடிதமும். போன வருடம் ஆவணிக் கடைசியில் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் வந்தது. எந்த அலுவலகம் அனுப்பியது என்று எழுதி யாரையும் சந்திக்கு இழுக்க எனக்கு விருப்பமில்லை. மூன்று நாளில் இரண்டு கரையையும் வழித்துத் துடைத்துவிட்டார்கள். சம்பு, நாணல், தூக்கணாங்குருவிக் கூடு தொங்கிய வேலமரம், ஒன்றும் மிச்சமில்லை. அதற்கு முந்திய மாலைதான் சம்புக்குள்ளிருந்து ஒரு கானாங்கோழி நாலு குஞ்சுகளோடு வெளியே வந்ததைப் பார்த்திருந்தேன். கரித்துண்டு மாதிரி கன்னங்கரேல் என்ற குஞ்சுகள், தாய் நின்றால் நின்று, நடந்தால் ஓடி. வேலை முடிந்த அன்று தாய் மட்டும் வெட்டிப் போட்ட மண்மேட்டில் ஏறி இறங்கித் திரிந்தது. குஞ்சுகளை நாய் கொண்டுபோனதோ காகம் கொண்டுபோனதோ.

வாய்க்காலைத் துப்புரவாக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். கமக்காரன் வீட்டில் பிறந்தவள் அப்படிச் சொல்லவும் முடியாது. 2018 டிசம்பர் வெள்ளத்தில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் பட்ட பாட்டை மறப்போமா? சம்பு மண்டிக் கிடந்தால் தண்ணீர் கடைக்கோடி வயலுக்குப் போகாது, மழைக்கு வெள்ளம் வீட்டுக்குள் வரும். சரி. ஆனால் துப்புரவுக்கு வசதியான காலம், கோடை நெற்செய்கையான சிறுபோகத்தின் தண்ணீரை நிறுத்தி வாய்க்கால் வற்றிக் கிடக்கும் நேரம். பறவைகள் வாய்க்காலை விட்டு நகராத காலமும் அதேதான். மதகடியில், குழிகளில் தேங்கிய தண்ணீரில் மீன் துள்ளும். நீர்க்காகம், நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் எல்லாம் ஒரே குழியைச் சுற்றி நிற்கும், கலியாண வீட்டுப் பந்தி தோற்றுப்போகும். இரை அந்த அடியில், ஒதுங்க இடம் அந்தக் கரையில். இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்தால் அவை எங்கே போகும்?

நான் கேட்பது சின்ன விஷயம். இந்த வருடம் ஒரு கரை, அடுத்த வருடம் மறு கரை. வாய்க்கால் ஒடுங்கிய இடத்தில், ஐம்பது யார் வெட்டினால் அடுத்த ஐம்பது யாரை விட்டுவிடலாம். அடியில் படிந்த மண்ணைத் தாராளமாக அள்ளட்டும், தண்ணீர் ஓட அதுதான் முக்கியம். பெக்கோ எப்படியும் ஒரு கரையில் நின்றுதான் வேலை செய்கிறது. மற்றக் கரைக்கு அது போகாவிட்டால் டீசலும் மிச்சம்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. கரை இரண்டுக்கும் கொங்கிறீற் போட்டு, நடைபாதை கட்டி, விளக்குப் பூட்டி அழகுபடுத்தப் போகிறார்களாம். நடைபாதை வந்தால் முதல் ஆளாக நடப்பது நான்தான், என் முழங்காலுக்கு இந்த மேடு பள்ளம் ஒத்துவராது. ஆனால் வெண்மார்பு மீன்கொத்தி மண்கரையில் துளை குடைந்துதான் முட்டையிடும். கொங்கிறீற்றில் அதன் சொண்டு என்ன செய்யும்? விளக்கும் ஒரு பக்கம் போதும். ஆறரைக்கு நீர்க்காகங்கள் கூட்டமாகக் குளத்துப் பக்கம் படுக்கைக்குப் போன பிறகு, எதிர்த் திசையில் வக்கா என்ற இராக்கொக்கு ஒன்று தனியாக, குரைக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு வரும். இருட்டில்தான் அதற்கு வேலை. அதற்கு மேலே வெள்ளை விளக்கைப் பிடித்தால் அது வேறு இடம் பார்த்துவிடும்.

மாரி நெற்செய்கையான காலபோகத்துக்கு முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கும். தண்ணீர் திறக்கும் நாள், வாய்க்கால் துப்புரவு எல்லாம் அங்கேதான் பேசப்படும். கமக்காரர் அமைப்பில் இருக்கும் என் தம்பியோடு இந்த முறை நானும் போகப் போகிறேன். கொக்குக்காகப் பேச வந்த ரீச்சர் என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்தக் கடிதத்தை அதற்கு முதல் வெளியிட்டீர்களானால் பெரிய உதவி. கையில் பத்திரிகை இருந்தால் எங்கள் ஆட்கள் கொஞ்சம் கவனமாகக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
கிளிநொச்சி.