ஊசி வேறு, மகரந்தம் வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பின் மலையேற்றக் கட்டுரையில் ஒரு வரி: ‘காலில் அரிப்பா? ஊசிப்புல்லின் மகரந்த அலர்ஜிதான். பாதையோரப் புல்லைக் கொளுத்திவிட்டால் தொல்லை தீரும்.’ அடடா, என்ன வைத்தியம்!

முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் மரத்தடியெல்லாம் நிற்கிற புல் இது. வேட்டியைத் துளைத்துக் காலில் தைப்பது அதன் விதை. விதையின் அடி ஊசிமுனை. அதன் மேல் பின்னோக்கிய முடி இருப்பதால் உள்ளே போனது திரும்பி வராது. மறுமுனையில் முறுக்கிய பழுப்பு வால். மகரந்தம் வருவதோ அதே கதிரில் வால் இல்லாத பச்சை ஆண் பூக்களிலிருந்து. அவை கொட்டித் தீர்த்த பிறகுதான் ஊசி பழுத்துக் கழலும். அதாவது, காலில் தைக்கிற கதிரில் மகரந்தக் காலம் முடிந்தே போயிருக்கும். தைத்த இடம் அரிப்பது அலர்ஜி என்றால், ரோமத்தில் ஊசி ஏறிய செம்மறியாடுகளையும் அலர்ஜி மருத்துவரிடம் ஓட்டிப் போக வேண்டியதுதான்.

அதற்காக ஊசிப்புல்லின் மகரந்தம் பரமசாது என்று சொல்லவில்லை. பெரும்பாலான புற்களைப் போல இதுவும் காற்றை நம்பியே பூக்கிறது. சோளத்துக்குக் கிட்டத்து உறவு. புல் மகரந்தப் புரதங்கள் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால், அறுகு ஒத்துக்கொள்ளாத மூக்கு இதற்கும் தும்மலாம். ஆனால் அடையாளம் தும்மல், கண் அரிப்பு, மூச்சிளைப்பு. கணுக்கால் கீறல் அல்ல. ஐயமிருந்தால் தோல் குத்துச் சோதனை இருக்கிறது: மகரந்தச் சாற்றையும், ஒப்பிட உப்புநீரையும் தோலில் லேசாகக் குத்திப் பார்ப்பது. அலர்ஜி மாத்திரையை மருத்துவர் சொல்படி ஏறக்குறைய ஒரு வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் வீக்கமே எழாது, சோதனை பொய்யாகிவிடும். குத்திய கால் மணி நேரத்தில், உப்புநீர் குத்திய இடத்தைவிட 3 மி.மீ. கூடுதலாக வீங்கினால்தான் கணக்கு.

கொளுத்துவது அதைவிட அழகு. ஈரத்தில் வால் முறுக்கவிழ்ந்து சுழன்று விதையை மண்ணுக்குள் திருகிவிடும். மேலே ஓடும் தீ அதை எட்டாது. தீக்குப் பின் முந்தித் தழைப்பதும் இதே புல்தான். பாதையோரம் குறைக்க வேண்டுமானால் கதிர் வெளிவரும் முன் அரிவாளால் அறுக்கலாம். பூத்தபின் அறுத்தால் மகரந்தம் அறுப்பவர் முகத்தில்.

புல்லைப் பழிப்பது தங்களுக்குப் புதிதல்ல. புல்வெளியைத் ‘தரிசு’ என்றே அச்சிடுகிறீர்கள். சீமைக்கருவேலம் நீரை உறிஞ்சுவதைப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள், அதன் மகரந்தமும் ஒவ்வாமை தரும் என்று ஒரு வரி எழுதவில்லை. ஒவ்வாமை தரும் பார்த்தீனியக் களை ஊர் முழுக்கப் பூத்து நிற்க, பழி மட்டும் காட்டுப் புல்லுக்கு.

திருத்தம் போடப் பக்கமில்லை என்றால் பரவாயில்லை. ‘கொளுத்திவிட்டால்’ என்ற அந்த ஒரு சொல்லையாவது அடுத்த இதழில் திரும்பப் பெறுங்கள்.

தங்கள் பழைய சந்தாதாரர்,
தாளவாடி