எட்டாம் வகுப்பின் மாண்ட்கோமரி பாடம் குறித்துப் பெற்றோருக்கு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். எட்டாம் வகுப்பு மாணவர்கள் மூன்று வாரங்களாக, அமெரிக்காவின் அலபாமா மாநிலத் தலைநகரான மாண்ட்கோமரியின் வரலாற்றைப் படித்து வருகிறார்கள். தேர்வுக்கு வராத பாடத்துக்கு இத்தனை நாள் எதற்கு என்று பெற்றோர் ஒருவர் கேட்டிருந்தார், நியாயமான கேள்விதான்.

1955 டிசம்பர் 1 அன்று பேருந்தில் வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதான ரோசா பார்க்ஸைப் பிள்ளைகள் முன்பே அறிந்திருந்தார்கள். ஆனால், அதே ஆண்டு மார்ச் 2 அன்று, 15 வயதுப் பள்ளி மாணவி கிளாடெட் கோல்வின் அதே போல மறுத்துக் கைதானதை வகுப்பில் ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. ஆசிரியர் அறையிலும் நிலைமை பெரிதாக வேறுபடவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேருந்துகளில் இனப் பிரிவினை செல்லாது என்று 1956இல் தீர்ப்புப் பெற்றுத் தந்த வழக்கைத் தொடுத்த நான்கு பெண்களில் கோல்வினும் ஒருவர்.

அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த ஜோ ஆன் ராபின்சன், மகளிர் அரசியல் மன்றத்தின் தலைவராக, 1954 மே மாதத்திலேயே மேயருக்குக் கடிதம் எழுதி, பேருந்துப் பயணிகளில் முக்கால் பங்கினர் கறுப்பின மக்கள் என்பதையும், பேருந்துகளைப் புறக்கணிக்கும் பேச்சு எழுந்திருப்பதையும் சுட்டிக்காட்டியிருந்தார். பார்க்ஸ் கைதான இரவில், கல்லூரியின் நகலெடுக்கும் இயந்திரத்தில் (நம்மில் மூத்தவர்களுக்கு சைக்ளோஸ்டைல் நினைவுக்கு வரும்) பேருந்துகளைப் புறக்கணிக்க அழைக்கும் பல்லாயிரம் துண்டறிக்கைகளை அச்சிட்டு, பொழுது விடிந்ததும் நகரெங்கும் சேர்ப்பித்தவர் இவரே.

பிள்ளைகளை அதிகம் கவர்ந்தவரோ ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரர். இவரும் தோழியரும் கேக்கும் கோழி சாண்ட்விச்சும் செய்து விற்ற பணம், 381 நாள் பேருந்தைப் புறக்கணித்த மக்களை ஏற்றிச் சென்ற வாகனங்களின் செலவுக்குப் போய்ச் சேர்ந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் “எங்கிருந்தும் இல்லை” என்று சொல்வதற்காகவே, குழுவுக்கு “எங்குமில்லாக் குழு” என்னும் பொருளில் பெயர் சூட்டியிருந்தார்கள். தலைவர்களின் மேடைப் பேச்சோடு நின்றுவிடும் பாடத்தில் இந்த அடுப்பங்கரைக் கணக்கு வருவதில்லை. மூன்று வாரம் ஒதுக்கியது இதற்காகத்தான்.

வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கு, மாணவர்கள் வரைந்த மாண்ட்கோமரி வரைபடத்தையும், கில்மோரின் நினைவாக அவர்கள் நடத்தும் தின்பண்டக் கடையையும் காண வருமாறு அழைக்கிறேன். பண்டங்களைப் பிள்ளைகளே செய்யட்டும். நீங்கள் அடுப்பருகே துணை நின்றால் போதும். கடையில் வாங்கிய முறுக்கை என்னால் எளிதில் கண்டுபிடித்துவிட முடியும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்