ஒரு 'நோ' படுத்தும் பாடு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வெளிநாட்டு மொழி கற்பது பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பானியத்தில் புழங்கும் சீன எழுத்துகள் முன்பே தெரிந்திருப்பதால் சீனர்களுக்கு ஜப்பானிய மொழி தண்ணீர் பட்ட பாடு என்று அதில் ஒரு வரி. அது பாதிதான் சரி. நான் ஜப்பானில் சைதாமா மாகாணத்துக் கவாகுச்சியில் 11 ஆண்டுகளாக இருக்கிறேன். சீனர்கள் நிறைய வாழும் ஊர் இது. சனிக்கிழமைகளில் ஒரு தன்னார்வ வகுப்பில் ஜப்பானிய மொழி சொல்லித்தருகிறேன். வருபவர்களில் பாதிக்கு மேல் சீனர்கள்.

செய்தித்தாளை நீட்டினால் தலைப்பை வைத்தே விஷயம் இன்னதென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதற்கு நான்கு ஆண்டுகள் பிடித்தன. ஆனால் பேச ஆரம்பித்தால் சிக்கல்தான். அதிலும் நம் 'உடைய' மாதிரி வரும் 'நோ' என்கிற ஒரு சின்னச் சொல் படுத்தும் பாடு இருக்கிறதே!

'என் புத்தகம்' ஜப்பானியத்தில் 'வதாஷி நோ ஹோன்'. சீனத்தில் 'வோ தெ ஷு'. 'தெ'யை எடுத்துவிட்டு 'நோ'வை வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. அந்த நம்பிக்கையில்தான் கால் வழுக்குகிறது. 'நேற்று வாங்கிய புத்தகம்' என்பதற்கும் சீனத்தில் நடுவே 'தெ' வேண்டும். ஜப்பானியத்திலோ 'கினோ கட்டா ஹோன்', அவ்வளவுதான். நம் பெயரெச்சம் மாதிரி வினை நேராகப் பெயரோடு சேர்ந்துகொள்ளும். என் வகுப்பில் காதில் விழுவது 'கினோ கட்டா நோ ஹோன்'. ருசியான ராமென் (நூடுல்ஸ் சூப்) என்பதற்கு 'ஓய்ஷீ ராமென்' என்றாலே போதும், அதுவும் 'ஓய்ஷீ நோ ராமென்' ஆகிவிடும்.

இதைக் கவனக்குறைவு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஜப்பானியக் குழந்தைகளே இரண்டு வயதில் 'சிவப்புப் பூ' என்பதற்கு நடுவே ஒரு 'நோ' போடுவார்கள். வளர வளர அது தானாக உதிர்ந்துவிடும். பெரியவர்களுக்கு அப்படி உதிர்வதில்லை. சொன்னது புரிந்துவிடுவதால் கடையிலும் அலுவலகத்திலும் யாரும் திருத்துவதில்லை.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வும் இதைக் கண்டுபிடிக்காது. அதில் பேசவும் வேண்டாம், எழுதவும் வேண்டாம், விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஜப்பானிய மொழியை வெளிநாடுகளில் வளர்க்கும் ஜப்பான் பவுண்டேஷனின் 2021 கணக்குப்படி சீனாவில் மட்டும் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஜப்பானிய மொழி படிக்கிறார்கள். அவர்களுக்குத் தொடக்கத்திலேயே வாய்ப்பயிற்சி அல்லவா தேவை?

சீனாவின் ஷென்யாங் நகரிலிருந்து வந்த ஒரு பெண் என் வகுப்பில் இருக்கிறார். தேர்வின் உச்ச நிலையான என்-1ஐ நல்ல மதிப்பெண்ணோடு முடித்தவர். திருமணமானவரா என்று கேட்டால் 'கெக்கோன் ஷிமாஷ்தா', அதாவது 'திருமணம் செய்துகொண்டேன்' என்பார். சீனத்தில் ஒன்று நடந்துவிட்டதைக் காட்ட 'லெ' போடுவது போலத்தான் நாமும் 'ஆகிவிட்டது' என்கிறோம், அதனால் ஆரம்பத்தில் நானும் அப்படித்தான் சொன்னேன். ஜப்பானியர்களுக்கு அது 'ஷிதே இமாஸ்', திருமணமாகி அந்த நிலையில் இருக்கிறேன் என்று. இதை அவர் இரண்டே வாரத்தில் சரிசெய்துகொண்டார். 'நோ' மட்டும் விடவில்லை. நோட்டில் தேவையில்லாத 'நோ' வந்த இடத்திலெல்லாம் அவரே சிவப்பு மையால் அடித்து வைத்திருக்கிறார்.

போன சனிக்கிழமை நல்ல மழை. நேற்று வாங்கிய குடையை ரயிலிலேயே விட்டுவிட்டேன் என்று சொல்ல வந்தவர், 'வாங்கிய' என்றதும் ஒரு கணம் நிறுத்தினார். உதடு அசைந்தது. அப்புறம் நேராகக் 'குடை' என்றார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கவாகுச்சி, ஜப்பான்