ஆட்ட நேரத்தில் இணையத்தை அளந்து சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பெரிய காற்பந்து, கிரிக்கெட் ஆட்டங்களின்போது நேரலைப் படம் சிக்கிச் சிக்கி ஓடினால், வீட்டு இணையத்தின் வேகம் போதவில்லை என்ற முடிவுக்கு நம்மில் பலர் உடனே வந்துவிடுகிறோம். அந்த நேரம் பார்த்து விற்பனை முகவர்களும் 100 எம்பிபிஎஸ் (விநாடிக்கு 100 மெகாபிட்) வேகம் வைத்திருப்பவரை 300-க்கும், 300 வைத்திருப்பவரை 1 ஜிபிபிஎஸ்ஸுக்கும் (1,000 எம்பிபிஎஸ்) மாறச் சொல்கிறார்கள். செந்தூல் வட்டாரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுவில் இருப்பவன் என்ற முறையில், இந்த அறிவுரையை ஏற்று மாதக் கட்டணம் கூடியும் படம் சீராகாத குடும்பங்களைப் பார்த்து வருகிறேன். தடங்கல் எந்த இடத்தில் ஏற்படுகிறது என்பதை அளந்து, மக்களுக்கு வெளிப்படையாகச் சொல்லும் கடமை சேவை நிறுவனங்களுக்கும் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் உண்டு என்பதை வலியுறுத்தவே இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டின் தேவை நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியதன்று. உயர்தெளிவு நேரலை ஒன்றுக்கு ஏறத்தாழ 5 முதல் 8 எம்பிபிஎஸ் போதும். 4கே தெளிவுக்கு 15 முதல் 25 வரை வேண்டும். கூடத்தில் அப்பா 4கே தெளிவில் காற்பந்தும், அறையில் மகன் கிரிக்கெட்டும், பாட்டி கைப்பேசியில் நாடகத் தொடரும் பார்த்தாலும் 100 எம்பிபிஎஸ் இணைப்பில் பாதிகூடச் செலவாகாது. கட்டடத்துக்கு வரும் ஒளியிழையும் அப்படித்தான். பரவலாகப் பயன்பாட்டில் உள்ள ஜிபான் தொழில்நுட்பத்தில் ஒரு கிளையிலுள்ள வீடுகள் சுமார் 2.5 ஜிபிபிஎஸ் கொள்ளளவைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்தக் கிளையில் 32 வீடுகள் இருந்து, அத்தனை வீடுகளிலும் இரண்டிரண்டு திரைகளில் 8 எம்பிபிஎஸ் வீதம் ஆட்டம் ஓடினாலும் மொத்தம் 512 எம்பிபிஎஸ்தான் ஆகிறது. ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு இடம் மீதம் இருக்கிறது.

அப்படியானால் படம் ஏன் நிற்கிறது? எங்கள் குடியிருப்பைப் பொறுத்தவரை முதல் காரணம் வைஃபை. பழைய ரவுட்டர்கள் பெரும்பாலும் நம்பியிருக்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில், ஒன்றோடொன்று மோதாமல் இயங்கக்கூடிய தடங்கள் மூன்றே மூன்றுதான். மேலும் கீழும் பக்கவாட்டிலும் வீடுகள் அடுக்கியிருக்கும் ஒரு கட்டடத்தில், எல்லாரும் ஒரே வேளையில் திரையைத் திறந்தால், அந்த மூன்று தடங்களில் எத்தனை ரவுட்டர்கள் போட்டியிடும் என்பதை எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்கு, ரவுட்டரை வாசலருகே காலணி அலமாரிக்குள் வைத்துவிட்டு, இரண்டு சிமெண்டுச் சுவர் தாண்டிய அறையில் தொலைக்காட்சியை வைத்திருக்கிறார்கள். தொலைக்காட்சியைக் கம்பி வழியாக ரவுட்டரோடு இணைத்ததும், அல்லது நெரிசல் குறைந்த 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றைக்கு மாற்றியதும், அதே 100 எம்பிபிஎஸ்ஸில் படம் தெளிவாக ஓடுவதைப் பல வீடுகளில் கண்டிருக்கிறேன். கூடுதல் கட்டணத் திட்டத்தை விற்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்து பார்க்க முகவர்களுக்கு ஏன் பயிற்சி அளிக்கக் கூடாது?

இரண்டாவது காரணம் வீட்டுக்கு வெளியே, நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. திரைப்படத்தை முன்கூட்டியே உள்நாட்டுச் சேவையகங்களில் நகலெடுத்து வைக்கலாம். இன்னும் நடந்து முடியாத ஆட்டத்தை அப்படி வைக்க முடியாது. அதோடு, இணையச் செயலிகள் பொதுவாக ஒவ்வொரு பார்வையாளருக்கும் தனித்தனி ஓடையாகப் படத்தை அனுப்புகின்றன. பார்ப்பவர் எண்ணிக்கை இரட்டித்தால் சுமையும் இரட்டிக்கிறது. தைப்பூசத்தன்று பத்துமலைக்கு வரும் சாலை எவ்வளவு அகலமாக இருந்தாலும் கூட்டம் 272 படிக்கட்டில்தான் தேங்கும். அதுபோல், வீட்டு இணைப்பு எவ்வளவு வேகமானாலும், சேவை நிறுவனத்தின் வட்டார மையத்திலிருந்து மேலே செல்லும் இணைப்போ ஒளிபரப்புச் செயலியின் சேவையகமோ நிரம்பிவிட்டால் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டியதுதான். 2018 காற்பந்து உலகக் கிண்ணத்தின்போது ஆஸ்திரேலியாவில் இதுவே நடந்தது. கட்டணச் செயலி வழியாக ஒளிபரப்பிய ஆப்டஸ் நிறுவனத்தால் தொடக்க நாள்களிலேயே ஈடுகொடுக்க முடியாமற்போக, பொது ஒளிபரப்பு நிலையமான எஸ்பிஎஸ் ஆட்டங்களை இலவசமாக ஒளிபரப்பியது. ஆப்டஸ் சந்தாதாரர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தந்தது. மாறாக, 2023 நவம்பரில் அகமதாபாத்தில் நடந்த கிரிக்கெட் உலகக் கிண்ண இறுதியாட்டத்தை ஹாட்ஸ்டார் செயலியில் ஒரே நேரத்தில் உச்சமாக 5 கோடியே 90 லட்சம் பேர் பார்த்ததாக அந்நிறுவனம் அறிவித்தது. முன்கூட்டியே திட்டமிட்டால் எவ்வளவு பெரிய கூட்டத்தையும் தாங்கலாம் என்பதற்கு அது சான்று.

நம் நாட்டில் நேரமும் ஒரு சிக்கல். ஐபிஎல் மாலை ஆட்டம் இந்திய நேரப்படி 7.30-க்குத் தொடங்கும்போது இங்கு இரவு 10 மணி. இங்கிலாந்தில் கோடைக்கால நேரம் நடப்பில் இருக்கும்போது அங்குச் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் பிரிமியர் லீக் ஆட்டங்களும் நமக்கு அதே இரவு 10 மணிக்குத்தான் வருகின்றன. ஏப்ரல், மே மாதச் சனிக்கிழமை இரவுகளில், பிள்ளைகள் இணைய விளையாட்டிலும் பெரியவர்கள் படங்களிலும் இருக்கும் அதே வேளையில், இவ்விரண்டும் சேர்ந்துவிடுகின்றன. வட அமெரிக்காவுக்கு உரிய 2026 காற்பந்து உலகக் கிண்ணத்தின் நிலை வேறு: 48 அணிகள், 104 ஆட்டங்கள் என்றாலும், நியூயார்க் நேரம் நமக்கு 12 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அங்குப் பிற்பகல் 3 மணி என்றால் இங்கு அதிகாலை 3 மணி. ஊர் உறங்கும் அந்நேரத்திலும் படம் நின்றால், அக்கம்பக்கத்து நெரிசலைக் காரணம் காட்ட முடியாது. கோளாறு வீட்டு வைஃபையிலோ செயலியிலோ இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இதனால்தான் சராசரி வேகக் கணக்கு போதாது என்கிறேன். 2018-இல் அணுகல் விலைக்கான கட்டாயத் தரநிலை (ஒரு நிறுவனத்தின் கட்டமைப்பை மற்ற நிறுவனங்கள் பயன்படுத்தத் தரும் விலைக்கு வரம்பு வைக்கும் விதி) நடைமுறைக்கு வந்தபின் அகண்ட அலைவரிசைக் கட்டணம் குறைந்து வேகம் கூடியது. அது நமக்குப் பெரிய நன்மை, மறுப்பதற்கில்லை. சேவைத் தரத்துக்கும் கட்டாயத் தரநிலைகள் இருக்கின்றன. ஆனால் சனிக்கிழமை இரவு 10 மணிக்குப் படம் நின்று தவிக்கும் ஒருவருக்கு, மாதம் முழுவதையும் கூட்டி வகுத்த சராசரி என்ன பயன் தரும்? பெரிய ஆட்டங்கள் நடந்த நேரத்தில் எந்த வட்டாரத்தில், எந்த நிறுவனத்தின் இணைப்பில் வேகம் எவ்வளவு இறங்கியது என்பதை ஆணையம் தனியாக அளந்து வெளியிட வேண்டும். ஒளிபரப்புச் செயலிகளும், தங்கள் தரப்பில் கோளாறு நேர்ந்தால் கேட்காமலே பணத்தைத் திருப்பித் தரும் விதிக்கு உட்பட வேண்டும்.

வான்வழி ஒளிபரப்பையும் நாம் கைவிடலாகாது. 2019 அக்டோபரில் நாடு முழுவதும் இலக்கவியல் தொலைக்காட்சிக்கு மாறிவிட்டோம். அந்த அலையைப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்து லட்சம் பேர் பார்த்தாலும் நெரிசல் ஏற்படுவதில்லை, இணையக் கட்டணமும் இல்லை. தேசியக் காற்பந்து அணி, பூப்பந்து அணி ஆகியவற்றின் முக்கிய ஆட்டங்களாவது அங்குக் கட்டாயம் இடம்பெற வேண்டும். குறைந்த வருமானத்தினருக்கான பிபிஆர் அரசுக் குடியிருப்புகளில் 1 ஜிபிபிஎஸ் இணைப்புக்கு வழியில்லாத குடும்பங்களும் இந்நாட்டு அணியின் ரசிகர்கள்தாம்.

ஆட்ட இரவுகளின் அளவீட்டைக் கேட்டு எங்கள் குடியிருப்பு நிர்வாகக் குழு சேவை நிறுவனங்களுக்குக் கடிதம் எழுத இருக்கிறது. மற்ற குடியிருப்பு நிர்வாகங்களும் அவ்வாறே எழுத வேண்டும் என்றும், உங்கள் செய்தியாளர்கள் இதே கேள்வியை ஆணையத்திடம் நேரில் எழுப்பி, கிடைக்கும் பதிலை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செந்தூல், கோலாலம்பூர்.